மஞ்சள் காப்ஸ்யூலும் முடக்கத்தான் தோசையும்: உணவிலுள்ள தாவரச் சேர்மங்கள் நோயெதிர்ப்புச் செல்களிடம் என்ன செய்கின்றன?

திருமங்கலத்திலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பதில். அவருடைய தாயாருக்கு 58 வயது. ஊரில் சரவாங்கி என்று சொல்லப்படும் முடக்குவாதம் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறார். வீக்கம் குறைந்திருக்கிறது, ஆனால் சாப்பிட்ட மறுநாள் முழுக்க வயிற்றைப் புரட்டுகிறது. உறவினர் ஒருவர் மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் அடைத்த காப்ஸ்யூல் டப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்து, முடக்கத்தான் கீரையோடு இதை மூன்று மாதம் எடுத்தால் ஆங்கில மருந்தே தேவைப்படாது என்று சொல்லியிருக்கிறார். மகன் கேட்பது இரண்டு: சாப்பாட்டில் உள்ள தாவரச் சத்துகள் நோயெதிர்ப்புச் செல்களை உண்மையிலேயே மாற்றுமா? மாற்றும் என்றால், பிறகு மருந்து எதற்கு?

மாற்றும். மதுரைக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகள் உயிர்வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் இதை ஐயமின்றிச் சொல்வேன். ஆனால் அந்த மாற்றம் உடலின் எந்த இடத்தில், எவ்வளவு அளவில், எத்தனை காலத்தில் நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும். அதுவரை அம்மாவின் மாத்திரையை ஒரு வாரம்கூட நிறுத்த வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காட்டில் நடக்கும்போது காலில் கருவேல முள் ஏறிவிட்டால், அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, விண்விண்ணென்று தெறிக்கிறது. அதுதான் அழற்சி. தோலுக்கடியில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கிச் செல்கள் முள்ளோடு வந்த கிருமியை அடையாளம் கண்டு, டிஎன்எஃப், இன்டர்லூக்கின் 6 போன்ற செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றைக் கேட்டு இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் திரண்டு வருகின்றன. இந்தச் செய்திப் புரதங்களின் மரபணுக்களை முடுக்கிவிடும் முக்கியமான விசையின் பெயர் என்எஃப் கப்பா பி. ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகிய இருவரும் 1986இல் இதைக் கண்டறிந்தார்கள். சாதாரண நேரத்தில் இன்னொரு புரதம் இந்த விசையைச் செல்லின் புறப்பகுதியிலேயே பிடித்து வைத்திருக்கிறது. ஆபத்துச் செய்தி வந்ததும் அந்தப் பிடி அறுந்து, விசை உட்கருவுக்குள் போகிறது. முள் எடுத்து, புண் ஆறியதும் எல்லாம் அடங்க வேண்டும். முடக்குவாதத்தில் அடங்குவதில்லை. முள்ளே இல்லாத மூட்டின் உட்சவ்வில், உடல் தன் சொந்தத் திசுவையே அந்நியமென்று எண்ணி, இதே ஆரவாரத்தை ஆண்டுக்கணக்கில் நடத்திக்கொண்டிருக்கிறது.

இனி மஞ்சளுக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாருடைய வாயிலும் முதலில் வருவது அதுதான். ஆய்வகத் தட்டில் வளர்க்கப்படும் பெருவிழுங்கிச் செல்கள்மேல், மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் என்ற சேர்மத்தைக் கரைத்து ஊற்றினால், என்எஃப் கப்பா பி அடங்குகிறது; டிஎன்எஃப் குறைகிறது. இது மீண்டும் மீண்டும் காணப்பட்ட உண்மை. ஆனால் அம்மாவின் மூட்டு ஆய்வகத் தட்டன்று. கீழமாசி வீதிக் கடைகளில் வாங்கும் நல்ல விரலி மஞ்சளில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்குதான் குர்குமின். ஒரு நாளில் சாம்பார், பொரியல், குழம்பு என்று ஒருவர் வயிற்றுக்குள் போகும் மஞ்சள் தூள் ஒரு கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், குர்குமின் 30 மில்லிகிராம்தான். அதுவும் நீரில் கரையாது. குடல் சுவரைக் கடப்பது மிகக் கொஞ்சம். கடந்ததைக் கல்லீரல் உடனே வேறு பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் நடந்த ஆய்வில், தன்னார்வலர்களுக்கு 2 கிராம் தூய குர்குமினையே கொடுத்தார்கள். நம் ஒரு நாள் சாப்பாட்டில் உள்ளதைப்போல் அறுபது மடங்குக்கும் மேல். இரத்தத்தில் அது கண்டுபிடிக்க முடியாத அளவிலோ மிகச் சொற்பமாகவோதான் இருந்தது. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது அளவு ஏறக்குறைய 20 மடங்கு உயர்ந்தது. காப்ஸ்யூல் விளம்பரங்களில் வரும் 2000 சதவீதம் என்ற எண் இங்கிருந்து வந்ததுதான். ஏறக்குறைய ஒன்றுமில்லாததன் 20 மடங்கு எவ்வளவு என்று விளம்பரம் சொல்வதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. குர்குமின் தானே ஒளிரும் பொருள். பல புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே ஆய்வகச் சோதனைகளில் பல நேரம் வேலை செய்யாமலேயே வேலை செய்வதுபோல் தோன்றும். மருந்து வேதியியலாளர்கள் 2017இல் இதையெல்லாம் தொகுத்துப் பார்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளுக்குப் பிறகும் ஐயத்துக்கு இடமில்லாத வெற்றி ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். முழங்கால் தேய்மான வலியில் மஞ்சள் சாறு சிறிது ஆறுதல் தருவதாகச் சில சிறிய, குறுகிய காலச் சோதனைகள் சொல்கின்றன, அதை மறுக்கவில்லை. தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

மஞ்சளைக் குறைத்துப் பேசுகிறேன் என்று வருந்த வேண்டாம். தாவரச் சேர்மங்கள் எங்கே வேலை செய்கின்றன என்பதைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கருத்து. அவை இரத்தத்தில் ஏறி மூட்டுக்குப் போய்ச் சண்டையை நிறுத்தும் சின்ன மருந்துகள் என்று நினைக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை இரத்தத்துக்கே போவதில்லை, குடலில் தங்குகின்றன. குடலோ உடலின் நோயெதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு குடியிருக்கும் இடம். உணவையும் கோடானுகோடி பாக்டீரியாக்களையும் ஒரு புறமும், இந்தச் செல்களை மறுபுறமும் பிரித்து நிற்பது ஒரே ஒரு செல் தடிமனுள்ள சுவர். அந்தச் செல்கள் சில நாட்களுக்கொருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அந்த வேலியோரத்தில்தான் ஆண்டு முழுக்க நாம் உண்ணும் கீரையும் பயறும் பேசுகின்றன.

இதை மிக அழகாகக் காட்டியது 2011இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே நடந்த ஓர் எலி ஆய்வு. குடல் சுவரின் செல்களுக்கிடையே டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை காவலுக்கு நிற்கிறது. சுவரில் கீறல் விழுந்தால் சரிசெய்வதும், எல்லை தாண்டும் பாக்டீரியாவைத் தடுப்பதும் அவற்றின் பணி. அவை உயிரோடு நிலைக்க, அவற்றுக்குள் இருக்கும் ஓர் உணர்வேற்பிக்கு இடைவிடாமல் ஒரு சமிக்ஞை வேண்டும். ஏரைல் ஹைட்ரோகார்பன் ரிசெப்டர் என்பது அதன் பெயர். டையாக்சின் என்ற நச்சை உணரும் உறுப்பாகத்தான் அது முதலில் அறியப்பட்டது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் போன்ற காய்களில் உள்ள ஒரு சேர்மம் வயிற்று அமிலத்தில் மாறி, அந்தச் சமிக்ஞையைத் தருகிறது. எலிகளுக்கு மாவு, புரதம், கொழுப்பு, வைட்டமின் அனைத்தும் சரியாக அளந்த, ஆனால் காய்கறிப் பொருள் இல்லாத செயற்கைத் தீனியைக் கொடுத்தபோது, சில வாரங்களில் அந்தக் காவல் செல்கள் வெகுவாகக் குறைந்தன. அந்த ஒரு சேர்மத்தைச் சேர்த்ததும் மீண்டன. சத்துக் கணக்கில் ஒரு குறையும் இல்லாத சாப்பாட்டில் காவலர்கள் காணாமல் போனார்கள் என்பதை முதன்முறை படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை. எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. அந்த உணர்வேற்பி நமக்கும் இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

தாவரங்கள் இந்தச் சேர்மங்களை நமக்காக உண்டாக்கவில்லை. புழுவும் பூச்சியும் தின்னாமலிருக்க வைத்துக்கொண்ட தற்காப்பு அது. அடுப்படியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கடுகை எண்ணெயில் போட்டு வெடிக்கவிட்டால் மணம் வரும், காரம் வராது. அதே கடுகைப் பச்சையாகத் தண்ணீர் விட்டு அரைத்தால், மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவழைக்கிறது. கடுகுக்குள் காரமற்ற மூலப்பொருள் ஓர் அறையிலும், அதை வெட்டிக் காரமாக்கும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. அரைக்கும்போது இரண்டும் கலக்கின்றன. கொதிக்கும் எண்ணெயில் நொதி முதலிலேயே செத்துவிடுகிறது. முட்டைக்கோஸிலும் முருங்கையிலும் இதே ஏற்பாடுதான்; முருங்கை கடுகின் குடும்பமன்று, தூரத்து உறவு. ஆகவே முட்டைக்கோஸை நறுக்கியவுடன் சட்டியில் போடாமல் அரை மணி நேரம் வைத்திருந்து சமைத்தால், காரச் சேர்மம் உருவாகிவிட்டிருக்கும். உருவான பிறகு அது ஓரளவு சூட்டைத் தாங்கும். இச்சேர்மங்கள் நம் செல்லுக்குள் வரும்போது லேசான நச்சாகவே உணரப்படுகின்றன. அதற்குப் பதிலாகச் செல் என்ஆர்எஃப் 2 என்ற வேறொரு விசையை முடுக்கி, தன் நச்சு முறிக்கும் நொதிகளைப் பெருக்கிக்கொள்கிறது. அழற்சி விசையின் கை ஓரளவு தாழ்கிறது. நேரடியாகத் தணிப்பதன்று, சிறு சீண்டலால் செல்லைத் தயார்ப்படுத்துவது.

நார்ச்சத்தின் கதை இதைவிட உறுதியானது. கொத்தவரங்காய், சின்ன வெங்காயம், மொச்சை, தட்டைப்பயறு, வாழைத்தண்டு, ஆறிய பழைய சோறு, பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளையும் குதிரைவாலி ஆகியவற்றில் நம் நொதிகளால் செரிக்க முடியாத மாவுப்பொருள் இருக்கிறது. பெருங்குடலின் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்துப் பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு அதுதான் முதன்மை எரிபொருள். அதோடு, 2013இல் ஒரே ஆண்டில் தனித்தனிக் குழுக்கள், எலிகளில் பியூட்டிரேட்டும் அதன் உடன்பிறப்புகளான மற்றச் சிறு கொழுப்பமிலங்களும் ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்குகின்றன என்று காட்டின. சண்டை போதும் என்று மற்றச் செல்களுக்குச் சொல்லும் செல்கள் அவை. சண்டை அடங்காத நோயில் அவற்றின் மதிப்பு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கும் ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 நலமான பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, பத்து வாரம் ஒரு பிரிவுக்கு நார் மிகுந்த உணவும், மறு பிரிவுக்குத் தயிர் போன்ற புளித்த உணவுகளும் கொடுத்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். புளித்த உணவு உண்டவர்களின் இரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார் உண்டவர்களிடம் சராசரியாக அப்படிக் குறையவில்லை. யாருடைய குடலில் முன்பே பலவகை பாக்டீரியாக்கள் இருந்தனவோ அவர்களுக்குப் பயன் தெரிந்தது. மண் இல்லாத இடத்தில் உரம் போட்டு என்ன பயன்? மாதுளைத் தோலிலும் சாற்றிலும் உள்ள துவர்ப்புப் பொருளுக்கும் இதே நிலைதான். குடல் பாக்டீரியாக்கள் அதை யூரோலித்தின் என்ற சிறு சேர்மமாக மாற்றினால்தான் அது உள்ளே போகும், எல்லாருடைய பாக்டீரியாக்களும் அதை மாற்றுவதில்லை.

முடக்குவாத நோயாளிகளிடமே நேரடியாகச் செய்து பார்த்த உணவுச் சோதனைகளில் நான் மதிப்பது 2003இல் ஸ்வீடனில் வெளிவந்த ஒன்று. 51 நோயாளிகள், 12 வாரம். ஒரு பிரிவினர் காய்கறி, பழம், பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் மிகுந்த மத்தியதரைக் கடல் நாட்டு உணவுக்கு மாறினார்கள். அவர்களுடைய நோயின் தீவிரம் அளவாகக் குறைந்தது. அவர்கள் ஏற்கெனவே சீராக மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை அடிக்கோடிட வேண்டும். மருந்து தாங்கிய வீட்டில்தான் உணவு தன் பங்கைச் செய்தது.

தாவரச் சேர்மம் உண்மையிலேயே மருந்தின் வலுவோடு நோயெதிர்ப்புச் செல்லைத் தொட்டால் எப்படியிருக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் கம்பி வேலியில் படரவிட்டு வளர்க்கும் கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள். அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின், நியூட்ரோஃபிலின் உட்சட்டகத்தையே கலைத்து, அது நகர முடியாமல் செய்துவிடுகிறது. கௌட் என்ற மூட்டுநோய்க்கு அது மருந்து. மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் என்று 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் தரப்பட்டது. அதே செடியின் கிழங்கைத் தின்று இறந்துபோனவர்களும் உண்டு. இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்றும், தீங்கில்லை என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றும் சொல்கிறவர்களுக்குக் காட்ட வேண்டிய செடி அது.

இப்போது அந்தக் காப்ஸ்யூல் டப்பா. சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. செறிவாக்கிய மஞ்சள் சாற்றை மிளகுச் சத்தோடு சேர்த்து, வழக்கமாகக் குடல் உள்ளே விடாத அளவுக்குப் புகுத்துவது வேறு செயல். அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் சேதத்தைப் பதிவு செய்யும் ஆய்வுக் கூட்டமைப்பு, மஞ்சள் துணை மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022இல் எழுதியது; ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். பலரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. நம்மிடம் அது இருக்கிறதா என்று நாம் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இத்தகையது மிக அரிது என்பது உண்மை. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் தானே கல்லீரலைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து; அதற்காகத்தான் உங்கள் அம்மாவுக்கு அவ்வப்போது இரத்தம் எடுக்கிறார்கள். அந்தக் கல்லீரலின்மேல் இரண்டாவது சுமையை ஏற்றினால், நாளை இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதி அளவு உயரும்போது எது காரணம் என்று மருத்துவருக்கே தெரியாமல் போகும். பைப்பரின் மஞ்சளுக்கு மட்டும் கதவு திறந்துவிடுவதில்லை. கல்லீரலும் குடலும் மருந்துகளை வெளியேற்றும் வழியை அது பொதுவாகவே தடுக்கிறது. வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினின் அளவு இரத்தத்தில் உயர்வதைக் கண்டிருக்கிறார்கள். ரசத்தில் தட்டிப் போடும் நாலு மிளகுக்கு இந்த அச்சம் வேண்டாம்.

முடக்கத்தானுக்கு ஆய்வகத்திலும் விலங்குகளிலும் அழற்சி தணிக்கும் தன்மை காட்டப்பட்டிருக்கிறது. மருந்துக்கு மாற்றாக நிற்கும் என்று மனிதரிடம் நிறுவப்படவில்லை. அரைத்து மாவில் கலந்து வாரம் ஒன்றிரண்டு நாள் தோசை ஊற்றிக் கொடுங்கள். அது நல்ல கீரை. அதை நம்பி மருந்தை விட்டவர் ஒருவரை நான் அறிவேன். மேலூர்ப் பக்கத்து உறவுக்காரப் பெண்மணி. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, இடியாப்ப உழக்கைப் பிடித்து அழுத்த முடியாதபடி வலது கை விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. பிறகு மருந்து மீண்டும் தொடங்கி வீக்கம் வடிந்தது; விரல்கள் நேராகவில்லை. முடக்குவாதத்தில் எலும்பு அரிப்பு பலருக்கு முதல் சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. உங்கள் அம்மா இப்போது நிற்பது அந்தக் காலத்தில்தான்.

தட்டில் என்ன வைக்கலாம் என்று கேட்டால், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன நாளுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்ற அளவையே பிடித்துக்கொள்ளச் சொல்வேன். நம் வீடுகளில் சோறு மலையாகவும் பொரியல் ஓரமாகவும் இருக்கிறது. அதை மாற்றுவதுதான் கடினமான வேலை, எந்தக் காப்ஸ்யூலும் அதற்கு ஈடாகாது. விலையுயர்ந்த வெளிநாட்டுக் காய் எதுவும் தேவையில்லை. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999இல் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அங்கே காலையில் போனால் தண்டங்கீரை, மணத்தக்காளி, முருங்கைக்கீரை எல்லாம் பனி உலராமல் கிடைக்கும். வாரத்துக்கு வாரம் கீரையையும் பயறையும் மாற்றி மாற்றி வாங்குங்கள், ஏனென்றால் குடலில் பலவகை பாக்டீரியாக்கள் தழைக்கப் பலவகைத் தீனி வேண்டும். பகல் சோற்றோடு மோரோ தயிரோ இருக்கட்டும். நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள்.

மாத்திரை நாளுக்கு மறுநாள் வரும் குமட்டலை மருத்துவரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. ஃபோலிக் அமில மாத்திரை எந்த நாளில், எவ்வளவு என்பதை மாற்றியும், மெத்தோட்ரெக்ஸேட்டை இரவில் கொடுத்தும், தேவையானால் ஊசியாக மாற்றியும் அதைக் குறைக்க வழி உண்டு. பலர் மருந்தைக் கைவிடுவது நோய்க்காக அன்று, இந்தக் குமட்டலுக்காகத்தான். அது வாரம் ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து என்பதை வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது காப்ஸ்யூல் டப்பாவையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அம்மா ஏற்கெனவே சில நாட்கள் சாப்பிட்டிருந்தால், எத்தனை நாள், நாளுக்கு எத்தனை என்று எழுதிக் கொடுங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றைக்கே கிளம்புங்கள்.